ஷாமினி விழுந்த தரை

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. பிறந்தது என்று நாசூக்காகச் சொல்கிறேன். என் தலையில் கட்டப்பட்டது என்பதுதான் சரி. நம் ஆலயத் தலைவர் பிச்சைமுத்து ஒரு மத்தியானம் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஆடித் திருவிழா மலருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. நம்ம ஷாமினியைப் பத்தி. தலைப்பு நானே வெச்சிட்டேன். 'தோட்டத்து மண்ணில் பூத்த தங்கம்.'"

தங்கம் பூக்காது என்று நான் சொல்லவில்லை. "அவ காலைப் பத்தி எழுதணுமா அண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குலா? சின்ன சோதனை வந்துச்சு, அம்மன் புண்ணியத்துல புள்ள தாண்டிருச்சுன்னு ஒரு வரி போதும். புதுத் தரையைப் பத்தி எழுதுங்க. டத்தோ பேரை மறந்துறாதீங்க."

சரி என்றேன். பல வருஷமாக மலருக்கு எழுதுகிறேன், அதனால் எனக்கு ஒரு விஷயம் தெரியும்: மலரில் வரும் கட்டுரையை யாரும் முன்கூட்டிப் படிப்பதில்லை. நிர்வாகம் விளம்பரப் பக்கங்களைச் சரிபார்க்கும். பிரமுகர் படம் தலைகீழாக அச்சாகவில்லையே என்று பார்க்கும். ஆகவே இது அச்சாகிவிடும். இதோ, ஆகி உங்கள் கையில் இருக்கிறது. பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் பிள்ளையின் எஸ்.பி.எம். பரீட்சைத் தேர்ச்சிப் படம் வந்திருக்கிறதா என்று புரட்டிக்கொண்டு இருக்கிறீர்கள். வந்திருக்கிறது, பின்னால் இருக்கிறது. அதுவரை மலரை விசிறியாகப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

தோட்டத்து மண்ணில் பூத்த தங்கம் ஒன்று இன்று நாடறிய, நானிலம் போற்ற —

நிறுத்திவிட்டேன். 'நாடறிய' என்று ஆரம்பித்த வாக்கியம் டத்தோ பட்டம் வாங்கிய நம் பிரமுகரின் காலடியில் போய்த்தான் நிற்கும்.

இரண்டாம் தொடக்கம்:

அந்தப் பந்துத் திடல் ஒரு காலத்தில் பெரட்டுக்களமாக இருந்தது. பொழுது விடியுமுன் பேர் கூப்பிட்டு வேலை பிரித்த அதே இடத்தில், நெற்றிவிளக்கோடு வரிசையில் நின்ற தொழிலாளியின் பேத்தி இன்று —

இதையும் அடித்துவிட்டேன். எழுதியிருந்தால் உங்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அந்தக் கண்ணீர் வேண்டாம். பாட்டன் பட்ட கஷ்டத்தைப் பேசிப் பேசியே பேத்தியின் முழங்காலைப் பற்றிப் பேசாமல் இருக்கப் பழகிவிட்டோம். ரப்பர் மரமெல்லாம் வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு, அதிலும் பாதியை வீட்டு மனையாக்கி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஷாமினி ஒரு மரம்கூடப் பாலுக்குச் சீவியதில்லை. அவள் கூடைப்பந்து விளையாடுகிறவள்.

மூன்றாம் தொடக்கம்:

ஈப்போவில், அணி முழுக்கச் சீனப் பெண்களாக இருந்த ஒரு கிளப்பில், ஒரே ஒரு தமிழ்ப் பெண்ணாக —

இந்த இடத்தில் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். பழக்கமான கதை வரப்போகிறது. அவர்கள் ஒதுக்கினார்கள், இவள் போராடி ஜெயித்தாள். ஒதுக்கியவர்கள் இருந்தார்கள்தான். முதல் வருஷம் அவளுக்குப் பந்தையே கொடுக்காமல் விளையாடிய கூட்டாளிகள் இருந்தார்கள். ஆனால் அவள் காலை உடைத்தது அவர்கள் இல்லை. நாம் உடைத்தோம். சால்வை போட்டு, உறுமி அடித்து, ஆசை ஆசையாக உடைத்தோம்.

(கதையின் நடுவில் சொல்ல வேண்டியதை இங்கேயே போட்டு உடைத்துவிட்டேன் என்று யாராவது குறை சொல்லலாம். உங்களைக் காக்க வைத்துச் சுவாரசியம் கூட்டும் நிதானம் எனக்கு இப்போது இல்லை.)

3

ஆளைச் சொல்கிறேன். ஷாமினிக்கு இருபத்திரண்டு வயது. சிலிம் ரிவர் பக்கம், தோட்டத்தை விற்றபோது நமக்கெல்லாம் கட்டிக்கொடுத்த இதே தாமான் குடியிருப்பில் வளர்ந்தவள். அம்மா தினேஸ்வரி பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறாள். ஷாமினி ஈப்போவில் மற்ற ஆட்டக்காரிகளோடு ஒரு வாடகை வீட்டில் தங்கி, மாதச் சம்பளம் வாங்கி, பெண்கள் லீக்கில் விளையாடுகிறாள். 'விளையாடினாள்' என்று எழுதுவதா, 'விளையாடுகிறாள்' என்று எழுதுவதா என்று இந்த வரியில் நெடுநேரம் முழித்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் முடிவாகவில்லை.

அவள் உயரமானவள் இல்லை. உயரமில்லாத ஆட்டக்காரிக்கு ஒரே ஒரு சொத்துதான் உண்டு, அது முதல் எட்டு, அதாவது முதல் காலடி. எதிரில் நிற்பவள் சுதாரிப்பதற்குள் பக்கவாட்டில் பாய்ந்து அவளைத் தாண்டிப் போய்விட வேண்டும். ஷாமினியின் முதல் எட்டைப் பார்ப்பதற்காகவே ஈப்போவில் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் இருக்கிறார்கள். தேசிய அணிப் பயிற்சிக்கு அவளை அழைக்கப்போகிறார்கள் என்ற பேச்சும் அடிபட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லாவிட்டால் அவள் பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிடுவாள். கோயிலுக்குப் பக்கத்துத் திடலில், கம்பத்தில் பற்றவைத்த வளையத்துக்குக் கீழே, நம் பிள்ளைகளுக்குப் பந்து தட்டச் சொல்லிக்கொடுப்பாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. கிளப்பும் அனுப்பவில்லை. தனக்குச் சின்ன வயதில் சீனப் பள்ளித் திடலின் வேலிக்கு வெளியே நின்று பார்க்க மட்டுமே கிடைத்தது, இதுகளுக்கு அப்படி ஆகக் கூடாது என்பாள். அவ்வளவுதான் அவளுடைய சமூக சேவை. அந்த வார்த்தையைச் சொன்னால் சிரிப்பாள்.

பழைய சிமெண்டுத் தரையில் வெடிப்பு விட்டிருந்தது. பிள்ளைகள் தடுக்கி விழுந்தார்கள். அவள் பிச்சைமுத்துவிடம் போனாள்.

"அங்கிள், வெடிப்பு இருக்கிற எடத்துல சிமெண்டு பூசிக் குடுத்தா போதும்."

"சிமெண்டா? உனக்கா?" பிச்சைமுத்துவுக்கு மனசு பொங்கிவிட்டது. "நீ யாருன்னு உனக்கே தெரியலம்மா. பேப்பர்ல உன் படம் வருது. பெருசா செஞ்சிருவோம்."

"பெருசா வேணாம் அங்கிள். சிமெண்டு போதும். சொரசொரன்னு இருந்தா போதும்."

"நீ விளையாட்டைப் பாரும்மா. மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்."

அவள் அன்றைக்கு இந்தப் பதிலைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

4

திறப்பு விழா பொங்கல் வாரத்தில் நடந்தது. நீங்களும் வந்திருந்தீர்கள், இருந்தாலும் அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு தடவை பாருங்கள்.

காலையில் வந்து ஷாமினி தரையைப் பார்த்தாள். கல்யாண மண்டபத் தரை மாதிரி வெள்ளை டைல்ஸ். குனிந்தால் முகம் தெரிந்தது. ஓரத்தில் அவள் பேர், டத்தோ பேர், டைல்ஸ் கொடுத்த ஈப்போ வியாபாரி அடைக்கப்பன் பேர், மூன்றும் பொன்னெழுத்தில் வெட்டிய கல். "எப்படி?" என்று பிச்சைமுத்து அவள் முகத்தையே பார்த்தார். ஒரு அப்பா பிறந்தநாள் பரிசைக் கொடுத்துவிட்டுப் பார்ப்பது போலப் பார்த்தார். "அழகா இருக்கு அங்கிள்," என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்?

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன டத்தோ மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார். அதுவரை ஷாமினி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் உடம்பைச் சூடாக்க ஓடிய ஓட்டமெல்லாம் வீணாகி, தொடை கட்டையாக இறுகிப்போனது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சால்வைகள் விழுந்தன. டத்தோவின் கார் நுழைந்ததும் உறுமி மேளம் முழங்கியது. திருஷ்டி சுற்றிய பூசணிக்காயைத் திடலின் நட்டநடுவில் போட்டு உடைத்தார்கள். குங்குமத் தண்ணீரும் சதையும் விதையும் நாலா பக்கமும் தெறித்தன. யாரோ தென்னை விளக்குமாற்றால் கூட்டித் தள்ளி, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தார்கள். தரை முன்னைவிடப் பளபளத்தது.

பிறகு அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் கூவினார். "டத்தோ முன்னிலையில், நம்ம ஷாமினி, ஒரே ஒரு ஷாட்டு!"

அவள் எழுந்து, நின்ற இடத்திலிருந்தே போடுகிறேன் என்று சைகை காட்டினாள். கோச் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்: உடம்பு ஆறியிருக்கும்போது குதிக்காதே, தெரியாத தரையில் குதிக்காதே. கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. "ஓடிப் போயி போடும்மா! டிவியில போடுவியே, அந்த மாதிரி!" கைப்பேசிகள் உயர்ந்தன. அவள் அம்மாவைப் பார்த்தாள். தினேஸ்வரி அருகில் வந்து காதோடு சொன்னாள்.

"பெரியவங்க ஆசைப்பட்டுக் கேட்குறாங்க. மாட்டேன்னா திமிரு புடிச்சவள்னுதான் பேசுவாங்க. சட்டுன்னு போட்டுட்டு வந்துரு."

ஷாமினி ஓடினாள். வளையத்துக்குப் பக்கத்தில் இடது காலை ஊன்றி மேலே எழும்பினாள். எழும்பும்போதே பாதம் ஒரு பக்கமும் முழங்கால் இன்னொரு பக்கமும் போயின. உள்ளே ஏதோ அறுந்த சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது, ஏனென்றால் உறுமி நிற்கவில்லை.

பந்து உள்ளே போனது. நீங்கள் கைதட்டினீர்கள்.

[அந்தக் காணொளியை நான் பலமுறை பார்த்துவிட்டேன். உங்கள் கைப்பேசியிலும் இருக்கும். பந்து வளையத்துக்குள் விழுவதோடு அது முடிந்துவிடுகிறது. கைதட்டல் அடங்கிய பிறகு கேட்ட அலறலை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். யார் வெட்டியது என்று விசாரித்தேன். "மங்களகரமா முடியட்டும்னுதான்" என்று பதில் வந்தது.]

5

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒரு விஷயம் பேச வேண்டும். தாண்டிப் போகிறவர்கள் போகலாம்.

அவளுக்குத் தெரியாதா? தெரியும். தரை ஈரம் என்று தெரியும், உடம்பு ஆறிவிட்டது என்று தெரியும். ஏன் குதித்தாய் என்று நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதில், "அத்தனை பேர் முன்னால எப்படிக்கா முடியாதுங்கறது?" ஈப்போ அரங்கத்தில் ஆயிரம் பேர் முன்னால் நடுவரிடம் வாதாடுகிற பெண் அவள். நம் நூறு பேர் முன்னால் அவளுக்கு வாய் வரவில்லை. அந்த ஆயிரம் பேர் மிஞ்சிப்போனால் அவளைத் தோற்றவள் என்றுதான் சொல்லுவார்கள். நாம் திமிர் பிடித்தவள் என்போம், அவள் அம்மாவைக் கேண்டீன் வாசலில் நிறுத்தி வைத்துச் சொல்லுவோம். நம் பெண் ஒருத்தி ஜெயித்து வந்தால் சால்வையை ஒரு கையிலும் இந்தச் சொல்லை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டுதான் வரவேற்கிறோம். அவளுக்கு இன்னும் கொஞ்சம் திமிர் இருந்திருந்தால் முழங்கால் மிஞ்சியிருக்கும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

6

முழங்காலின் முன் ஜவ்வு முழுசாகக் கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை நடந்தது. இந்த வருஷ ஆட்டம் போச்சு. நடக்கலாம், ஓடலாம், அந்த முதல் எட்டு திரும்பி வருமா என்று மட்டும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். வருஷக் கடைசியில் கிளப் அவளை ஓடவிட்டுப் பார்க்கும். அதில் தேறினால் அணியில் இடம், இல்லாவிட்டால் இல்லை.

ஈப்போ மருத்துவமனைக்கு ஊரே திரண்டு போனது. ஆரஞ்சும் திருநீறும் மேசையில் குவிந்தன. வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பி அலசினார்கள்: யார் கண்? முன்வரிசையில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்த பக்கத்துத் தாமான்காரியா? படம் எடுத்த பையனா? "பூசணிக்கா உடைச்சதாலதான் காலோட போச்சு, இல்லன்னா என்னா ஆயிருக்குமோ," என்றாள் ஒரு அத்தை. எந்தப் பூசணிக்காயின் ஈரத்தில் வழுக்கியதோ, அதற்கே நன்றி சொன்னோம். படுக்கையில் கிடந்த ஷாமினி கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோச் வோங் மறுநாள் வந்தார். ஐம்பது வயதுப் பெண், கடுகடுவென்று இருப்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே மலாய் மொழியில் வேறு ஒரு கேள்வி கேட்டார். எந்தத் தரை?

ஷாமினி சொன்னாள். "அந்தத் தரையில் இப்போது பிள்ளைகள் விளையாடுகிறார்களா?" என்றார் கோச்.

அதற்கப்புறம்தான் ஷாமினி அழுதாள் என்று தினேஸ்வரி என்னிடம் சொன்னாள். அன்றைக்குவரை கண் என்ற பேச்சிலேயே படுத்துக் கிடந்தவளுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. கண் என்றால் தரை அப்படியே இருக்கும். தரை என்றால் தரை போக வேண்டும்.

7

இப்போது பிச்சைமுத்து. இவரை வைத்துக்கொண்டு நான் படும் பாடு கொஞ்சமில்லை.

கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் வேலை சுலபம். இவருக்கு ஒரு தங்கச் சங்கிலியும் தொந்தியும் கொடுத்து, டத்தோவின் காரைத் திறந்துவிட ஓட வைத்து ஒரு பக்கம் எழுதினேன். படிக்க நன்றாகவே இருந்தது. பிறகு கிழித்துப் போட்டேன், காரணம் விரால் மீன்.

அறுவைப் புண் ஆறுவதற்கு விரால் மீன் சூப் நல்லது என்று நமக்கெல்லாம் தெரியும். பிச்சைமுத்து மீன்பிடி ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கில் தெரிந்தவரிடம் சொல்லி வைத்து, உயிர் மீனாக வாங்கி வந்து, தன் கையாலேயே சமைத்து, ஷாமினி மருத்துவமனையில் இருந்த நாளெல்லாம் ஈப்போவுக்குக் கொண்டுபோனார். அவரும் நோயாளிதான், சர்க்கரையில் ஒரு கண் மங்கல். கார் ஓட்டக்கூடாது என்று மகன் திட்டியும் கேட்கவில்லை. அவள் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, பாத்திரத்தைத் தானே கழுவி எடுத்துப் போனார்.

இவரைப் போய் எப்படி வில்லனாக எழுதுவது? ஆனால் ஒன்று சொல்கிறேன். இந்த மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் ஷாமினி என்றைக்கோ அவர் முகத்துக்கு நேரே கத்தித் தீர்த்திருப்பாள். அவர் நல்லவராக இருப்பதுதான் அவள் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. அதனால் என் கோபம் குறையவில்லை, கூடியிருக்கிறது.

8

அடைக்கப்பன் ஷாமினியின் வீட்டுக்கு வந்தது, அவள் ஊர் திரும்பிய பிறகு. ஈப்போவில் பெரிய டைல்ஸ் கடை, மூன்று தலைமுறையாக வியாபாரம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அவள் காலில் கட்டியிருந்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒன்னு கேட்கலாமா? அந்த டைல்ஸ் தண்ணி பட்டா வழுக்கும்னு கடையில யாருக்கும் தெரியாதா?"

"தெரியாம என்னம்மா? வழுக்காத டைல்ஸைத்தான் நான் முதல்ல எடுத்துப் போட்டேன். சொரசொரப்பா இருக்கும், தண்ணி நின்னாலும் கால் நகராது." அவர் தயங்கினார். "தலைவர் அதைத் தொட்டுப் பார்த்துட்டு, 'செட்டியாரே, இது பாத்ரூம்ல போடுறதுல்ல? அம்மன் எடத்துல, நம்ம புள்ள பேரு போடுற எடத்துல, பாத்ரூம் டைல்ஸா'ன்னாரு. எனக்கே கூச்சமாப் போச்சு. தர்மத்துக்குக் குடுக்குறது ஒசத்தியா இருக்கணும்ல? இருக்கிறதுலயே ஒசந்ததைக் குடுத்தேன்."

"நான் சிமெண்டுதான் ஐயா கேட்டேன்."

"சிமெண்டுல எப்படிம்மா பேர் வெட்டின கல்லைப் பதிக்கிறது?"

நக்கலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. வழுக்காத தரை அவர் கடையில் இருந்திருக்கிறது. அதை நாம் தொட்டுப் பார்த்திருக்கிறோம். மரியாதைக் குறைவு என்று திருப்பி வைத்திருக்கிறோம்.

(இந்தக் காட்சியை எழுதி முடித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.)

9

போன மாதம் கவிநயா விழுந்தாள். ஒன்பது வயது, ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளிலேயே துடியானவள். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், அதே தரையில், தாடை கிழிந்து தையல் போட்டார்கள். "அந்த எடத்துலயே ஏதோ இருக்கு," என்று ஊர் முடிவு கட்டியது. திருவிழாவில் இன்னும் பெரிய பூசணிக்காயாக உடைப்பது என்று நிர்வாகம் தீர்மானம் போட்டது. நான் இட்டுக்கட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், கை தூக்கியவர்களில் நீங்களும் இருக்கலாம்.

ஷாமினி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பிச்சைமுத்து வீட்டுக்குப் போனாள்.

"அங்கிள், டைல்ஸை எடுத்துருங்க. சிமெண்டு போட்டுருங்க."

"கண்ணு பட்டதுக்குத் தரை என்னம்மா பண்ணும்?"

"நான் தரையிலதான் வழுக்கினேன் அங்கிள். கவிநயாவும் தரையிலதான் வழுக்கினா."

பிச்சைமுத்து அவளைப் பார்த்தார். மங்கிய கண்ணும் மங்காத கண்ணும் கலங்கிவிட்டன. "அப்ப நாங்கதான் உன் காலை உடைச்சோம்னு சொல்றியா?"

ஆமாம் என்பது ஒரு சின்ன வார்த்தை. அவள் வாயைத் திறந்தாள். அடுப்பங்கரையில் அந்தச் சூப்புப் பாத்திரம் கவிழ்த்து வைத்திருந்தது தெரிந்தது. "நான் வாரேன் அங்கிள்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். "ஆமான்னு சொல்ல முடியலக்கா. என் காலு போச்சு, அவரு மனசு நோகக் கூடாதுன்னு வாயை மூடிட்டு வாரேன். அசிங்கமா இருக்கு."

10

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) மலருக்கு ஏற்ற முடிவு. வருஷக் கடைசியில் ஷாமினி ஓடுகிறாள், முதல் எட்டு திரும்பி வருகிறது, கோச் வோங் முதன்முதலாகச் சிரிக்கிறார், அம்மன் அருளால் —

எழுதக் கை கூசியது. அவள் தேறிவிட்டால் 'பார்த்தியா, ஒன்னும் ஆகல' என்று நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவீர்கள்.

(ஆ) அடைக்கப்பன் முடிவு. ஒரு விடிகாலையில் அவருடைய லாரி வந்து நிற்கிறது, சொரசொரப்பான டைல்ஸோடு. அவரைக் கூப்பிட்டு, இப்படி ஒரு முடிவு எழுதலாமா என்றே கேட்டேன். "தலைவர் ஒரு வார்த்தை சொன்னா அனுப்பி வெச்சிர்றேன்மா," என்றார். தலைவர் சொல்லவில்லை. லாரி வரவில்லை.

(இ) என் முடிவு. திருவிழா மேடையில் பட்டம் கொடுக்க ஷாமினியை அழைக்கிறார்கள். அவள் நொண்டி நொண்டி வருகிறாள், சால்வையை உதறிவிட்டு, சம்மட்டியை எடுத்துத் தன் பேர் வெட்டிய கல்லிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு டைல்ஸாக —

இதை மூன்று பக்கம் எழுதினேன். எழுத எழுத எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அவளுக்கு அனுப்பினேன். படித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"நல்லா இருக்குக்கா. ஆனா எனக்கு இன்னும் முட்டியை முழுசா மடக்க முடியல. சம்மட்டியத் தூக்கச் சொல்றீங்களே?"

"கதைதானே ஷாமினி."

"கதையிலயும் நான்தான் எந்திரிக்கணுமா? ஓடுன்னு அவங்க சொன்னாங்க, ஓடினேன். இப்ப உடைன்னு நீங்க சொல்றீங்க. சிமெண்டு கேட்டேன். எடுத்துருங்கன்னு நேரா போயி சொன்னேன். சொல்ல வேண்டியதை எல்லாம் நான் சொல்லிட்டேன்க்கா. போட்டவங்க எடுக்கட்டும்."

மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். அவள் சொன்னது சரி.

11

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. உங்களிடம் இருக்கிறது.

நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள், இந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில்தான் அச்சாகியிருக்கிறது. டத்தோ வருகை. பூசணிக்காய் உடைத்தல். அதற்கு அடுத்தது, 'ஷாமினியின் மாணவச் செல்வங்கள் வழங்கும் கூடைப்பந்துச் சாகசம்.' இதை அவள் ஏற்பாடு செய்யவில்லை, அவளை யாரும் கேட்கவும் இல்லை. கவிநயாவுக்குத் தையல் பிரித்தாயிற்று, அவளும் ஓடுகிறாள். புதுச் சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறோம், முதுகில் டத்தோ பேர்.

ஷாமினி வந்திருப்பாள். பிள்ளைகள் ஓடப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகு அவளால் வீட்டில் உட்கார முடியாது. முன்வரிசையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் அவள்தான். நிறுத்துங்கள் என்று அவள் நூறு தடவை சொன்னாலும் 'பாவம், பயந்துபோன புள்ள' என்று நாம் அவளைத் தட்டிக்கொடுத்துவிடுவோம். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; நான் ஒருத்தி எழுந்து கத்தினால் 'எழுதுறவங்களுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி' என்று உட்கார வைப்பீர்கள். பந்தலில் பாதிப் பேர் எழுந்தால் உட்கார வைக்க ஆள் இருக்காது.

நாம்தான் உடைத்தோம் என்ற ஒரு வாக்கியத்தைப் பிச்சைமுத்து தனியாகச் சொல்ல மாட்டார். அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும். கூடச் சேர்ந்து சொல்ல ஆள் இருந்தால் சொல்லிவிடுவார் என்று நினைக்கிறேன். அதை இந்தக் கதையில் அவர் வாயில் போட்டு எழுத எனக்கு இரண்டு நிமிஷம் போதும். எழுத மாட்டேன். எழுதினால் அதைப் படித்ததையே சொன்னதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

கோயில் இடம் என்பதால் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நாற்காலிக்குக் கீழே டைல்ஸ்மேல் வெறுங்காலை ஒரு தடவை நகர்த்திப் பாருங்கள். இப்போது இந்த டைல்ஸ்மேல் பூசணிக்காய்த் தண்ணீரைக் கொட்டப்போகிறார்கள்.

உறுமிச் சத்தம் கேட்கிறதென்றால் கார் நுழைந்துவிட்டது. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். இன்னும் என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?